வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் தொண்டு நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. தண்ணீர்த் தாங்கியில் ஒரு சின்னம், பிள்ளைக்காம்பராச் சுவரில் இன்னொன்று, மலசலகூடக் கதவில் வேறொன்று. அந்தச் சின்னங்களுக்குப் பின்னால் இருக்கும் பணத்தைப் பற்றி மாதர் சங்கக் கூட்டங்களிலும் இளைஞர் கழகங்களிலும் எழுகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்ட பேச்சிலேயே இருக்கின்றன.

என்ஜிஓகாரங்களுக்கு யாரு காசு குடுக்கிறது? எல்லாம் வெள்ளைக்கார அரசாங்கக் காசுதானே?

இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பொதுவாகப் பணம் வரும் இடங்கள் இவை: தனி மனிதர்களின் நன்கொடை, வெளிநாட்டு அரசாங்கங்கள், பெரும் பணக்காரர்கள் வைத்துவிட்டுப் போன அறக்கட்டளைகள், கம்பனிகள், நிறுவனமே நடத்தும் வியாபாரம். எந்த இடத்திலிருந்து எவ்வளவு என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 இல் பாரிசில் தொடங்கியது, 1999 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றது. அதன் வருமானத்தில் 97 சதவீதத்துக்கும் மேல் தனியாரிடமிருந்து வருகிறது. கொடுப்பவர்கள் உலகம் முழுக்க ஏறத்தாழ 70 இலட்சம் பேர். சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் அரசாங்கத்திடமும் கம்பனிகளிடமும் அரசியல் கட்சிகளிடமும் வாங்குவதில்லை. மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வோச் அரசாங்கப் பணத்தை நேரடியாகவும் சுற்றி வளைத்தும் தொடுவதில்லை. சர்வதேச மன்னிப்புச் சபை தன் மனித உரிமை ஆய்வுகளுக்கு எந்த அரசாங்கத்திடமும் காசு கேட்பதில்லை. வறுமை ஒழிப்பு அமைப்பான ஒக்ஸ்பாம் அரசாங்கப் பணமும் வாங்கும், மக்களிடமும் வாங்கும், கடையும் நடத்தும். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவுக்கோ பெரும்பகுதி அரசாங்கங்களிடமிருந்தே வருகிறது.

அப்போ "சுயாதீனமா நிதி திரட்டுறோம்"னு சொல்றதுக்கு என்ன அர்த்தம்?

தொழிற்சங்கச் சந்தாவை வைத்து யோசித்தால் மலையகத்தாருக்கு இது உடனே பிடிபடும். சங்கத்துக்கான சந்தாவைத் தோட்ட அலுவலகமே செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பும் முறை நமக்குப் பழக்கம். காசு தொழிலாளியுடையது. ஆனால் அது போகும் வழி துரையின் (தோட்ட மேலாளரின்) மேசையைத் தாண்டித்தான் போகிறது. நாளைக்கே அலுவலகம் "இனிப் பிடிக்க மாட்டோம்" என்று சொன்னால், சங்கம் லயம் லயமாக ஏறி இறங்கிக் கையால் வசூலிக்க வேண்டும். அப்படி வசூலித்து நிற்கக்கூடிய சங்கத்துக்கு ஒரு பலம் இருக்கிறது. முடியாத சங்கம் துரையோடு பேசும்போது குரல் கொஞ்சம் தாழத்தான் செய்யும்.

சர்வதேச நிறுவனங்களுக்கும் இதே கேள்விதான். எவர் ஒருவர் கையை விரித்தால் வேலை நின்றுபோகும்? அப்படி ஒருவர் இருந்தால் அந்த நிறுவனம் அவருக்குக் கட்டுப்பட்டது. எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் கட்டுப்பட்டதுதான். 70 இலட்சம் பேர் தலைக்குக் கொஞ்சம் கொடுக்கும் இடத்தில் அவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு போவதால் எதுவும் ஆகிவிடாது. பேசாதே என்று யாரும் சொல்லவில்லை என்றாலும் தாமாகவே வாயை அடக்கிக்கொள்ளும் நிறுவனங்களை நாம் பார்த்திருக்கிறோம். காரணத்தைத் தேடினால் அநேகமாக வரவு செலவுக் கணக்கில்தான் கிடைக்கும்.

அரசாங்கக் காசு வாங்கினா என்ன தப்பு? பாலம் கட்டினா பாலம்தானே?

தப்பு என்று சொல்லவில்லை. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட் வந்து மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். அதே பயணத்தில் இந்திய உதவியில் கட்டிய டிக்கோயா ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்தார். அந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அது வீடு, அவ்வளவுதான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது அரசாங்கத்துக்கு அரசாங்கம் செய்த உதவி. எந்த நோக்கத்தில் எங்கே கொடுப்பது என்பதை அந்த இரண்டு அரசாங்கங்கள் தீர்மானிக்கின்றன. இதில் ஒளிவு மறைவு கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில். தொண்டு நிறுவனம் ஒரே ஓர் அரசாங்கத்தில் சாய்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதை 2025 இல் உலகமே பார்த்தது. ஜனவரி 20 ஆம் திகதி அமெரிக்காவின் புதிய ஜனாதிபதி போட்ட ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு அபிவிருத்தி உதவி 90 நாட்களுக்கு நிறுத்தப்பட்டது. ஜூலை 1 ஆம் திகதியோடு அந்த உதவியை வழங்கிவந்த யுஎஸ்எய்ட் என்ற அமெரிக்க அரசாங்க நிறுவனமே செயற்பாட்டை முடித்துக்கொண்டது. 1961 இலிருந்து இருந்த நிறுவனம் அது. அதன் பணத்தில் ஓடிய வேலைகள் பல நாடுகளில் பாதியில் நின்றன. அந்த வேலைகள் நன்றாக நடந்தனவா, மக்களுக்குத் தேவையா என்று யாரும் வந்து பார்த்து எடுத்த முடிவல்ல.

இன்னும் அமைதியாக நடக்கும் ஒன்று உண்டு. உலக வங்கி நாடுகளை வருமானப்படி தரம் பிரிக்கிறது. 2019 ஜூலையில் இலங்கை மேல்-நடுத்தர வருமான நாடு என்று உயர்த்தப்பட்டது, அடுத்த ஆண்டே திரும்பக் கீழ்-நடுத்தர வரிசைக்கு இறக்கப்பட்டது. நாடு "வளர்ந்துவிட்டது" என்று பட்டியல் சொன்னால் பல அரசாங்கங்கள் உதவியைக் குறைத்துக்கொள்ளும். பட்டியல் நாட்டின் சராசரியைப் பார்க்கிறது. பணக்காரர் வாழும் கொழும்பு 7 உம் மஸ்கெலியாவின் பத்தடிக் காம்பராவும் அந்தச் சராசரிக்குள் ஒன்றுதான்.

ஒரு நிறுவனம் வந்துச்சு, போர்டு வச்சுச்சு, மூணு வருஷத்துல காணாமப் போச்சு. ஏன் அப்பிடி?

"புரொஜெக்ட் முடிந்தது" என்பதே பதிலாக வந்திருக்கும். அதன் உட்பொருள் இது: நன்கொடையில் இரண்டு வகை உண்டு. ஒன்று இன்ன இடத்தில், இன்ன வேலைக்கு, இன்ன திகதிக்குள் என்று கட்டிக் கொடுப்பது. மற்றது "உங்கள் நிறுவனத்தின் நல்ல வேலைக்கு" என்று பொதுவாகக் கொடுப்பது. தண்ணீர்த் திட்டத்துக்கென்று கட்டிக் கொடுத்த காசில் ஒரு சதத்தையும், பக்கத்து டிவிஷனில் மண் சரிந்தாலும், வேறு எதற்கும் தொட முடியாது. திகதி முடிந்தால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

அதனால்தான் கணக்கு ஆண்டு முடியும் மார்ச் மாதம் வந்ததும் சில நிறுவனங்கள் அவசர அவசரமாகப் பயிற்சிப் பட்டறை வைக்கும். மண்டபம், பனர், மத்தியானச் சோற்றுப் பார்சல், வருகைப் பதிவில் கையெழுத்து. கொழுந்தெடுக்கும் பெண் அன்றைய பேரை (நாட்சம்பளத்தை) இழந்து வந்து உட்கார்ந்திருப்பாள். தலைப்பு "பொருளாதார வலுவூட்டல்" என்று இருக்கும். இதற்கு அந்தக் கள உத்தியோகத்தர் மீது கோபப்படுவதில் பயனில்லை; காசைக் கட்டிய கயிறு கொழும்புக்கும் அப்பால் இருக்கிறது.

பொதுவாக வரும் பணம் வைத்திருக்கும் நிறுவனம் வேறு மாதிரி நடக்கும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலைநாடு முழுக்கச் சரிந்தபோதும், முதல் நாளே வண்டி அனுப்ப முடிந்திருந்தால் அது யாருடைய அனுமதிக்கும் காத்திராத காசாகத்தான் இருந்திருக்கும். விண்ணப்பம் எழுதி, ஒப்புதல் வந்து, தவணை விழுவதற்குள் பாடசாலைகளில் தங்கியிருப்போர் வாரக் கணக்கில் தங்கிவிடுவார்கள்.

குடுக்க வந்த காசை யாராச்சும் வேணாம்னு சொல்லியிருக்காங்களா?

சொல்லியிருக்கிறார்கள். மூன்று உதாரணங்கள், மூன்றும் எல்லைகளற்ற மருத்துவர்களுடையவை. இந்த விஷயத்தில் அவர்கள் அளவுக்குத் துணிந்தவர்கள் குறைவு என்பது எங்கள் கருத்து.

முதலாவது நம் நாட்டைத் தொட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகமெங்கும் பணம் கொட்டியது. கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் அந்த அமைப்பு, "சுனாமி வேலைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி அதன் பேரில் அனுப்ப வேண்டாம்" என்று அறிவித்தது. மற்ற நிறுவனங்கள் முகம் சுளித்தன. வந்து சேர்ந்தது 11 கோடி யூரோவுக்கு மேல். சுனாமிக்கு அவர்கள் செய்யக்கூடிய வேலையின் அளவு அதில் ஒரு பங்குதான். பிறகு கொடுத்தவர்களுக்கு எழுதி, மிச்சத்தை வேறு இடங்களில் செலவழிக்கலாமா, இல்லை திருப்பித் தரட்டுமா என்று கேட்டார்கள். மிகச் சிலர்தான் திருப்பிக் கேட்டார்கள். அந்தப் பணம் நைஜரில் பட்டினியால் வாடிய குழந்தைகளுக்கும் பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும் போனது. அதே காலத்தில் நம் கிழக்குக் கரையில், மீனவர் தொகையை விட அதிகமாகப் படகு கொடுத்த கதைகளும் நடந்தன.

இரண்டாவது 2016 ஜூனில். அகதிகளைத் துருக்கிக்குத் திருப்பி அனுப்ப ஐரோப்பிய ஒன்றியம் ஒப்பந்தம் செய்தது. அதைக் கண்டித்து, ஒன்றியத்திடமும் அதன் உறுப்பு நாடுகளிடமும் இனிப் பணம் வாங்குவதில்லை என்று அறிவித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு அந்த வழியில் கிடைத்தது ஏறத்தாழ 5 கோடி 60 இலட்சம் யூரோ. ஆனால் மொத்த வருமானத்தில் அது சிறு பங்கு. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மக்களிடமிருந்து வந்துகொண்டிருந்ததால்தான் அதை உதறித் தள்ள முடிந்தது. கொள்கை எல்லோரிடமும் இருக்கும், கையில் வேறு காசு இருப்பவர்தான் அதை நடத்திக் காட்டலாம்.

மூன்றாவது அதே ஆண்டு ஒக்டோபரில். பைசர் கம்பனி நிமோனியாத் தடுப்பூசி 10 இலட்சம் டோஸ் இலவசமாகத் தருவதாகச் சொன்னது. வேண்டாம் என்றார்கள். இலவசம் ஒரு தடவைக்கு வரும். விலை எப்போதும் நிற்கும். எங்களுக்கும் ஏழை நாடுகளுக்கும் விலையைக் குறையுங்கள் என்பது அவர்கள் வாதம். அடுத்த மாதமே மனிதாபிமான அமைப்புகளுக்கான விலையை அந்தக் கம்பனி குறைத்தது. மருந்தில்லாமல் இருந்த பிள்ளைகளுக்கு முன்னால் இலவச மருந்தை மறுப்பது சரியா என்று அன்றைக்கும் சண்டை நடந்தது. எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு பக்கமும் பேசுபவர்கள் இருக்கிறார்கள்.

இவர்கள் மட்டுமல்ல. 2003 ஈராக் யுத்தத்தின்போது ஒக்ஸ்பாம், யுத்தம் செய்யும் அரசாங்கங்களின் பணத்தை ஈராக் வேலைக்கு வாங்க மறுத்தது.

சின்னச் சின்னக் காசு அவ்வளவு பெரிசா எப்பிடிச் சேரும்?

மாதா மாதம் வருவதால். ஐரோப்பிய நகரங்களில் தெருவோரம் நின்று வழிப்போக்கரோடு பேசி, அந்த இடத்திலேயே வங்கிக் கட்டளையில் கையெழுத்து வாங்கும் முறை 1990களின் நடுப்பகுதியில் ஆஸ்திரியாவில் கிரீன்பீசுக்காகத் தொடங்கிப் பரவியது. ஒரு தடவை பெரிய தொகை கொடுப்பவரைவிட, மாதம் 10 யூரோ வீதம் ஐந்து வருடம் கொடுப்பவர் நிறுவனத்துக்கு மேல். வருகிற ஆண்டு எத்தனை தாதிமாரை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட முடியும். அத்தோடு உயில். பிள்ளைகுட்டி இல்லாத முதியவர்கள் வீட்டையோ சேமிப்பையோ எழுதி வைத்துவிட்டுப் போவது மேற்கு நாடுகளில் பெரிய வருமான வழி.

நம் பிள்ளைகள் தினமும் பார்க்கும் விக்கிப்பீடியாவும் இந்த வகைதான். விளம்பரம் கிடையாது. ஆண்டில் சில வாரங்கள் பக்கத்தின் மேலே ஒரு பட்டை வந்து காசு கேட்கும். கொடுப்பவர்கள் பல இலட்சம் பேர், சராசரித் தொகை ஏறத்தாழ 11 டொலர். அத்தோடு 2016 இல் ஒரு நிலை நிதியும் (முதலைக் காத்து வருமானத்தைச் செலவழிக்கும் நிதி) தொடங்கினார்கள். 2021 இல் அது 10 கோடி டொலரைத் தொட்டது.

இதற்கு விலையும் உண்டு. தெருவில் நிற்பவருக்குக் கூலி, கடிதத்துக்குத் தபால் செலவு. எல்லைகளற்ற மருத்துவர்கள் வருமானத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வேலைக்கும், 15 சதவீதத்தைப் பணம் திரட்டுவதற்கும், மீதியை நிர்வாகத்துக்கும் செலவழிக்கிறார்கள். அரசாங்கத்திடம் ஒரே காசோலையாக வாங்கினால் அந்த 15 மிச்சமாகும். சுயமாக நிற்பதற்கான செலவு அது.

எங்க பிள்ளைக்கு வெளிநாட்டுல ஒரு ஸ்பொன்சர் இருக்கார். அந்தக் காசு முழுசா பிள்ளைக்கா வருது?

பெரும்பாலும் இல்லை. அந்த முறையில் காசு ஒன்றாகச் சேர்க்கப்பட்டு ஊர் முழுவதற்குமான வேலைக்குப் போகிறது: தண்ணீர், பாடசாலை, போசாக்கு. பெரிய நிறுவனங்கள் இதைத் தங்கள் அறிக்கைகளில் எழுதியே வைத்திருக்கின்றன. ஆனால் கையில் ஒரு பிள்ளையின் போட்டோ இருக்கும்போது அறிக்கையை யார் வாசிக்கிறார்கள்?

சனிக்கிழமை காலை, பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையில். சீருடை போட்டு, தலை வாரி, ரிப்பன் கட்டி, போட்டோ. பிறகு கோடு போட்ட தாளில் "அன்புள்ள மாமாவுக்கு, நான் நலம், நீங்கள் நலமா" என்று கரும்பலகையைப் பார்த்து எழுத வேண்டும். மாடு வரை, மலை வரை, சூரியன் வரை. கடிதம் ஆங்கிலமாகி எங்கேயோ போய்ச் சேரும். காசாகப் பார்த்தால் இது நல்ல நிதி: வருடக் கணக்கில் நிலையாக வரும், எந்த அரசாங்கமும் கைவைக்க முடியாது. பிள்ளைக்கு அது எப்படி இருக்கிறது என்பது வேறு கேள்வி. பட்டியலில் இல்லாத பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. பெற்றோர் இரண்டையும் நிறுவனத்திடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

லாப நோக்கமில்லைன்னு சொல்லிட்டு வியாபாரம் பண்றாங்களே?

பண்ணலாம். லாபம் வரக்கூடாது என்பதல்ல சட்டம். அதைப் பங்குதாரர் பிரித்துக்கொள்ளக்கூடாது என்பதே. ஒக்ஸ்பாமின் பழைய பொருள் கடைகள் இப்படித்தான். இதில் பெரிய ஆள் நம் பக்கத்து பங்களாதேஷின் தொண்டு நிறுவனமான பிராக். 1972 இல் தொடங்கியது. 1978 இல் கைவினைப் பெண்களுக்காக ஆரோங் என்ற கடையைத் திறந்து, பிறகு பால், விதை என்று விரித்து, தன் செலவில் பெரும்பங்கைத் தானே உழைத்துக்கொள்கிறது. ஏழை நாட்டு நிறுவனம் ஒன்று கையேந்தாமல் நிற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. சிறுகடன் வட்டியும் அந்த உழைப்பில் ஒரு பகுதி என்பதையும் சொல்ல வேண்டும். லயத்து வாசலில் வெள்ளிக்கிழமை தவணைக்கு வந்து நிற்பவரைத் தெரிந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

தேயிலையில் ஃபெயார்டிரேட் (நியாய வணிக) சான்றும் பக்கத்துச் சங்கதி. அந்த முத்திரையோடு விற்கும் தேயிலைக்கு வாங்குபவர் விலைக்கு மேல் ஒரு பிரீமியம் (மேலதிகத் தொகை) கொடுக்கிறார். அதை என்ன செய்வது என்று தோட்டத்தில் தெரிவான தொழிலாளர் குழு முடிவெடுக்க வேண்டும். முத்திரையைக் காக்கும் அமைப்போ கம்பனிகள் கட்டும் உரிமக் கட்டணத்தில் ஓடுகிறது. முத்திரை அதிகம் விற்றால் அதற்கு அதிக வருமானம். ஆகவே அதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கத்தான் வேண்டும்.

யுனிசெஃப், உலக வங்கி எல்லாம் என்ஜிஓதானே?

இல்லை. இரண்டும் அரசாங்கங்கள் சேர்ந்து அமைத்தவை. யுனிசெஃபுக்கு வருவது முழுக்க விருப்பக் கொடை. அரசாங்கங்களும் கொடுக்கின்றன, மக்களும் கொடுக்கிறார்கள். உலக வங்கி கடன் கொடுக்கும் இடம்.

வெள்ளை ஜீப், ஏசி, பெரிய சம்பளம். ஏழைங்க பேருல வாங்குற காசுதானே?

கோபம் நியாயம். கணக்காளரும் சாரதியும் கணக்காய்வாளரும் இல்லாமல் வேலை நடக்காது என்பதும் நியாயம். நிர்வாகச் செலவு மிகக் குறைவு என்று பெருமைப்படும் நிறுவனம் அநேகமாக அதை வேறு தலைப்பில் எழுதியிருக்கும். கேட்க வேண்டியது, அந்த ஜீப் மாதத்தில் எத்தனை தடவை மேல் டிவிஷன் வரை ஏறுகிறது என்பது.

இலங்கைச் சட்டம் இதுக்கு என்ன சொல்லுது?

1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் பதியப்படுகின்றன. 1998 இல் அது திருத்தப்பட்டது. பதிவையும் மேற்பார்வையையும் தேசிய அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் பார்க்கிறது. சில அமைப்புகள் 2007 கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் பதிகின்றன. வருமான வரியும் உண்டு: கிடைக்கும் கொடையில் 3 சதவீதத்தை இலாபமாகக் கணித்து அதன்மேல் வரி. வெளிநாட்டுக் காசு வாங்கத் தொடங்கும் சின்னச் சங்கங்கள் இதை மறந்துவிட்டுப் பிறகு தலையைச் சொறிகின்றன.

நாங்க ஒரு சின்ன இளைஞர் கழகம். டோனர் இல்லாம எங்களால நடத்த முடியுமா?

மலையகத்துக்கு இது புதிதல்ல. மாரியம்மன் திருவிழாவை எந்த டோனரும் (நிதி கொடுப்பவரும்) நடத்தவில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு நாமே நடத்துகிறோம். மரண உதவிச் சங்கமும் அப்படியே. இருட்டும் முன் சாமான் வந்து சேரும், யாருக்கும் விண்ணப்பம் எழுதுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 வீடுகள், வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் என்றால் மாதம் 15,000. ஆண்டுக்கு 1,80,000. மாலை வகுப்பு ஒன்றை ஓட்ட அது போதும். 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆன இடத்தில் 100 ரூபாயும் சும்மா வராது என்பது உண்மைதான். ஆகவே கொழும்பில் கடையில் நிற்கும் தம்பிமாரிடமும், வெளிநாடு போன அக்காமாரிடமும் கேளுங்கள். ஆனால் ஒருவர் மட்டும் பாதிக்கு மேல் கொடுக்க விடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அடுத்த தேர்தலில் அவர் நிற்கும்போது சங்கம் என்ன செய்யும்?

வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு, மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பு, ஆண்டுக்கொரு தடவை கோயில் முன்றலில் கணக்கு வாசிப்பு. இவை இருந்தால் பிறகு ஒரு டோனர் வந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்து பேசலாம். பிடிக்காத நிபந்தனைக்கு "சரி வராதுங்க" என்று சொல்ல வாய் வரும்.

ஒரு நிறுவனம் உண்மையிலேயே சுயாதீனமான்னு நாங்க எப்பிடிப் பாக்கிறது?

ஆண்டறிக்கையைத் திறந்து, முன்பக்கத்துச் சிரிக்கும் பிள்ளைகளைத் தாண்டி, பின்னால் இருக்கும் கணக்குப் பக்கத்துக்குப் போங்கள். வருமானத்தில் மிகப் பெரிய தொகை கொடுத்தவர் யார், மொத்தத்தில் அது எத்தனை பங்கு என்று பாருங்கள். பொது நிதி எவ்வளவு, கட்டிக் கொடுத்த நிதி எவ்வளவு என்று இரண்டு நிரலாகப் போட்டிருப்பார்கள். எந்தெந்தக் கம்பனிகளிடம் வாங்குவதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் தேடுங்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் மருந்து, எண்ணெய், தங்கச் சுரங்கம், புகையிலை, ஆயுதக் கம்பனிகளை அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பதிந்த நிறுவனம் என்றால் அங்குள்ள அறக்கட்டளை ஆணைக்குழுவின் தளத்தில் கணக்கு கிடைக்கும். அமெரிக்காவில் பதிந்தது என்றால் 990 என்ற படிவத்தைத் தேடுங்கள், மேலதிகாரியின் சம்பளம் வரை அதில் இருக்கும். டேட்டா கார்ட் போட்ட போன் ஒன்று போதும்.

நேருல கேட்டா கோவிச்சுக்கிட்டு வேலையை நிப்பாட்டிட மாட்டாங்களா?

அந்தப் பயம்தான் இத்தனை வருடம் நம்மைக் கேட்க விடவில்லை. நல்ல நிறுவனத்தில் இதற்கென்றே ஆள் இருப்பார். கூட்டத்தில் எழுந்து, "சேர், போன வருஷ அறிக்கையைத் தமிழில் தர முடியுமா?" என்று கேளுங்கள். இரண்டு வாரத்தில் வந்தால் நல்லது. வரவில்லை என்றால் அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள், இந்தத் தடவை மாதர் சங்கத் தலைவி அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்.